திரையில் ஒரு கரும்புள்ளி

சிவகாசியில் நான் வீடியோ கேம் கடை நடத்துகிறேன். ஒரு பழைய மிஷினில் வெறும் வெளிச்சக் கோடுகளாலேயே விண்கலம் பறக்கும், கூட்டம் அதற்குத்தான். அந்தத் தீபாவளி சீசனில் கரண்ட் ஏறி இறங்கி, அதன் ஃபியூஸ் இரண்டு முறை போனது. கையில் இருந்த மாற்று ஃபியூஸும் தீர்ந்துவிட்டது. பக்கத்துப் பட்டாசுக் கடை மச்சானிடம் ஈயத்தாள் வாங்கி, எரிந்த ஃபியூஸில் சுற்றிச் சொருகிவிட்டேன்; இனி எவ்வளவு கரண்ட் ஏறினாலும் அது அறாது.

கொஞ்ச நேரத்தில் படம் சுருங்கி, நடுவில் ஒரே புள்ளியாகக் கண் கூச எரிந்தது. "தானா சரியாயிரும்" என்றேன், ஆடிக்கொண்டிருந்த பையன்களிடம்.

விளையாட வந்த தன் தம்பியைத் தேடி வந்த, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் மூக்கைச் சுளித்தார். "கருகுற வாடை வருது, இன்னும் பாத்துக்கிட்டு நிக்கீகளே அண்ணே! சுவருக்கு அங்கிட்டு அம்புட்டும் வெடி!" என்று மெயின் சுவிட்சை அவரே இறக்கினார்.

மிஷின் பிழைத்தது. திரையில் புள்ளி நின்ற இடம் மட்டும் கருகிப்போனது. இப்போதும் விண்கலம் அங்கே மறைந்து, மறுபடி வரும். அந்த ஒரு நொடி, என் கண் தானாகச் சுவர்ப் பக்கம் போகும்.