துண்டுக்குள்ளே முடிந்த போன் வாடகை

போன வாரம் அரை நாள் ஆடு மேய்த்தேன். எனக்கு அது புதுசில்லை. ஆனால் என்னோடு சேர்ந்து ஒரு செல்போன் கம்பெனிக்காரரும் மேய்த்தார் — கழுத்தில் டை கட்டிக்கொண்டு!

எப்படி என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தானே இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்குக் கோவில்பட்டியில் சொந்தக் கட்டடம், சொந்த ஆட்டு வியாபாரம், உங்கள் பத்திரிகையில் வாராவாரம் அரைப் பக்கம்! விலை பேசுவதில் என்னை ஜெயித்த ஆள் இந்தப் பக்கத்து ஆட்டுச் சந்தை எதிலும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அதில் என்ன தப்பு?

என் ஆடுகளை மேய்ப்பவன் மாடசாமி. அறுவடை முடிந்த காடுகளில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடுவோம். புழுக்கை நிலத்துக்கு உரம். காட்டுக்காரர் நமக்குக் கூலி தருவார். ஒரு காடு முடிந்தால் அடுத்த காடு. பசுவந்தனையில் இருக்கிறானா, எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் போய்விட்டானா என்பது எனக்கே சில நாள் தெரியாது.

இந்தக் கோடையில் அவன் கிளம்ப மாட்டேன் என்று நின்றுவிட்டான். கல்யாணமாகி ஒன்பது வருசம் கழித்து அவன் மனைவி பேச்சிக்கு இப்போதுதான் வயிற்றில் பிள்ளை. கழுகுமலையில் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

"புள்ள பொறக்கையில நான் பக்கத்துல இருக்கணும் அண்ணாச்சி. காட்டுக்குள்ள கெடந்தா எனக்கு யாரு வந்து சொல்லுவா?"

"நான் சொல்லுதேம்லே" என்று வாக்குக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலமே செல்போன் கடைகளைத் தேடிக் கிளம்பிவிட்டேன்.

ஒரு கடையில் சிக்னல் கிடைக்கும் இடமெல்லாம் இதுதான் என்று கலர் கலராக மேப்பை விரித்தார்கள். இன்னொரு கடையில் நூறு எஸ்.எம்.எஸ். இலவசம் என்றார்கள். ஆட்டுக்கு எஸ்.எம்.எஸ். படிக்கத் தெரியுமா? நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எப்போதும்வென்றான் பக்கம், ரோட்டை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள்ளே நின்றால் மணி அடிக்குமா?

மூன்றாவது, செல்போன் கம்பெனியின் சொந்தக் கடை. அங்கே இருந்தவர் கார்த்திகேயன். கோயம்புத்தூர்க்காரர். பதிலே சொல்லாமல் பைக்கை எடுத்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். காட்டு நடுவில் நின்று போனைப் போட்டோம்... கோவில்பட்டியில் என் வீட்டு போன் மணி அடித்தது! பல்லைப் பிடித்துப் பார்த்து ஆடு வாங்கும் எனக்கு, சிக்னலைப் பிடித்துக் காட்டிய மனிதரைப் பிடித்துப்போயிற்று.

மூன்று இணைப்பு. ஒன்று எனக்கு, ஒன்று மாடசாமிக்கு, ஒன்று பேச்சிக்கு. மூன்றும் என் பேரில். எங்களுக்குள்ளே எவ்வளவு பேசினாலும் காசு கிடையாது. மாச வாடகை மட்டும்தான். இதைவிட நல்ல பிளான் எந்தக் கம்பெனியில் இருக்கிறது, சொல்லுங்கள்!

ஆனால் சொன்ன வாடகையை அப்படியே கொடுத்தால் நான் என்ன வியாபாரி? தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டேன். உள்ளே கையை விட்டு விரலைப் பிடித்தேன். சந்தையில் எங்கள் வழக்கம் அது. எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது. பிடிக்கவில்லை என்றால் கையை உருவிக்கொள்ள வேண்டும். உருவாமல் தலையாட்டினால் பேரம் முடிந்தது. அப்புறம் அப்பனே வந்தாலும் மாற்ற முடியாது.

கார்த்திகேயன் கையை உருவவில்லை. சிரித்துக்கொண்டே "சரிங்க சார்" என்று தலையாட்டினார். கடுகைக் கொட்டியது போல எழுத்துகள் நிறைந்த ஃபாரத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

மாசம் முடிந்து பில் வந்தது... முழு வாடகையோடு!

எனக்கு வந்ததே கோபம். விரல் பிடித்து முடித்த விலையை மட்டும் கவுண்டரில் கட்டிவிட்டு வந்தேன். மிச்சத்தைக் கேட்டு ஆள் வந்தான், விரட்டினேன். என் வீட்டுக்காரி செண்பகம் பில்லை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"துண்டப் போட்டு வெரலப் புடிச்சா அந்தத் தம்பிக்கு என்ன தெரியும்? நீங்க கைரேக பாக்குதீயன்னு நெனச்சிருக்கும்."

நான் அசையவில்லை. மிஞ்சிப்போனால் என் போனை நிறுத்துவார்கள், நிறுத்தட்டுமே என்று இருந்தேன்.

போன வாரம் பேச்சி தன் அம்மாவோடு என் வீட்டுக்கு வந்தாள். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்கு வந்தவள். முகம் வெளிறியிருந்தது.

"டாக்டரம்மா இன்னிக்கே சேரச் சொல்லிட்டாவ அண்ணாச்சி. அவியளக் கூப்பிட்டா போனுக்குள்ள ஏதோ ஒரு பொம்பள பேசுதா. நேத்துலருந்து இப்படித்தான்."

என் போனை எடுத்துப் பார்த்தேன். அதே பொம்பளை! பாக்கி இருந்தால், ஒரே பேரில் உள்ள எல்லா இணைப்பும் சேர்ந்தே நிற்குமாம். அந்தக் கடுகு எழுத்தில் அதுவும் இருந்திருக்கிறது. உள்ளேயிருந்து செண்பகம் எல்லாக் கதையையும் பேச்சியிடம் சொல்லிவிட்டாள். பேச்சி என்னை நேராகப் பார்த்தாள்.

"ஒங்க வெரலு சண்டைக்கு, எம் புள்ளைய ஊரே பாத்த பொறவுதான் அவிய பாக்கணுமாக்கும்?"

அண்ணாச்சி என்று மரியாதையாகத்தான் கேட்டாள் என்று எழுத ஆசை. இந்தத் தடவை அந்த வார்த்தையை விட்டுவிட்டாள்.

செண்பகத்தை அவளோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கார்த்திகேயன் கடைக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன்! இந்த வயசில் என்னைப் போல ஓட இன்னொரு ஆள் வரட்டும் பார்க்கலாம். விரல் பிடித்த கதையை மூச்சிரைக்கச் சொன்னதும் அவர் முழித்தார்.

"நீங்க ஏதோ பாசமா கையப் புடிக்கறீங்கன்னு நினைச்சேனுங்க சார்."

பாக்கி முழுவதையும் மேஜையில் வைத்தேன். அவர் பெரிய ஆபீசுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினார். லைன் எப்போது வரும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. மாடசாமி இந்த வாரம் நாம் சிக்னல் பார்த்த அதே காட்டில்தான் என்றேன். சட்டென்று பைக் சாவியை எடுத்தார். "எனக்குத்தான் அந்தக் காட்டுக்கு வழி தெரியுமுங்களே, ஏறுங்க."

முதல் நாள் கோடை மழை பெய்திருந்தது. நனைந்த கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ரோட்டை விட்டு இறங்கியதும் சக்கரம் ரெண்டும் உருண்டை உருண்டையாக மண்ணைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டன. இறங்கி நடந்தோம். கார்த்திகேயனின் ஒரு ஷூ மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. தூரத்தில் ஆடுகள். கம்பை ஊன்றி மாடசாமி நிற்கிறான். கத்தினேன், காற்று எதிர்க்காற்று. அவன் சந்தோஷமாகக் கையை ஆட்டினான். மறுபடியும் சிக்னல் பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்தான் போலிருக்கிறது!

திடீரென்று ஆட்டிய கையை இடுப்புக்குக் கொண்டுபோனான். போனை எடுத்துக் காதில் வைத்தான்.

லைன் வந்துவிட்டது! பேச்சி பேசுகிறாள்!

கம்பைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தான் பாருங்கள்... எங்களைப் பிடித்த சேறு அவனை மட்டும் பிடிக்கவில்லை. கம்பைக் கார்த்திகேயன் கையில் திணித்தான். "வாரேன் அண்ணாச்சி. ஆட்டப் பாத்துக்கிடுங்க." அவ்வளவுதான். பஸ் ரோட்டைப் பார்த்துப் பறந்துவிட்டான்.

அப்புறம் என்ன? நானும் கம்பெனிக்காரரும் ஆடு மேய்த்தோம். பொழுது போக வேண்டுமே என்று அவருக்கு விரல் கணக்கைக் கற்றுக் கொடுத்தேன். கெட்டிக்காரர், டக்கென்று பிடித்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்தபோது என் போன் அடித்தது. மாடசாமி. போனைப் பிள்ளையிடம் நீட்டிவிட்டான் போல... வீல் என்று ஓர் அழுகை! பெண் பிள்ளை. எங்கள் பிளானில் எங்களுக்குள்ளே எவ்வளவு பேசினாலும் இலவசம் அல்லவா? அழட்டும் அழட்டும் என்று கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகு கார்த்திகேயன் காதிலும் வைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைத்துக்கொள்ளவில்லை, தூசி விழுந்தது.

செல்போன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கே மணி அடிக்கும் என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். எதனால் நிற்கும் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். ஃபாரத்தை யாரையாவது உட்காரவைத்து வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

ஆடுகளைக் கிடையில் அடைத்துக் காட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது, கார்த்திகேயன் என் துண்டைக் கேட்டு வாங்கினார். என் கைமேல் போட்டு உள்ளே விரலைப் பிடித்தார். முழு வாடகை! நான் கையை உருவவில்லை. தலையாட்டினேன்.

விலை பேசுவதில் என்னை ஜெயித்த ஆள் எந்தச் சந்தையிலும் இல்லை என்று சொன்னேனே... அதில் மாற்றமில்லை. இது காட்டில் நடந்தது!