கிழிந்தால்தான் பிடித்திருக்கிறது

எங்கள் தொழிற்சாலையின் மூன்றாம் லைன் வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதினால் அது பெரும்பாலும் ஷிப்ட் மாற்றிக்கொள்வதற்காகத்தான் இருக்கும். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, "ஜெசிந்தா அக்கா மோசம் போயிட்டா" என்று வந்தது. ட்ராமில் நின்றபடி படித்தேன். மாரடைப்பால் இறந்திருந்தார். வயது ஐம்பத்தாறு. முந்தைய வெள்ளிக்கிழமைதான் என் சாப்பாட்டை எட்டிப் பார்த்து, "இது சோறோ, சிமெந்தோ?" என்று கேட்டிருந்தார்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மன்னாரில் பிறந்தவர். இங்கே மிச்சம் என்ற ஊரில் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பாடியவர். எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசை இயந்திரத்தை ஓட்டியவர். அச்சடித்து வெட்டி வரும் அட்டையை அது மடித்து, விளிம்பில் சூடான பசை வைத்து, அழுத்திப் பெட்டியாக்கும். நான் மறுமுனையில் பெட்டிகளை அடுக்கும், ஏஜென்சி அனுப்பிய தற்காலிக ஆள்.

கால் மணிக்கு ஒருமுறை ஒரு பெட்டியை எடுத்து ஒட்டிய இடத்தைப் பிய்ப்பார். அட்டையின் நார் கிழிந்து பசையோடு வந்தால் நல்லது. பசை மட்டும் தோல்போல உரிந்தால் கெட்டது. "கிழிஞ்சால் பிடிச்சிருக்கு. கழண்டால் ஏமாத்திப்போட்டுது" என்பார். தொழிற்சாலைக்கு வெளியிலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. என் சொந்த அக்காவின் மகள் கோயிலில் முதல்நன்மை வாங்கிய நாளின் விருந்தில் கேக் பெட்டியைப் பிய்த்துப் பார்த்து, "எங்கட இல்லை, இது கழருது" என்றார். கேக் இன்னும் வெட்டப்படவில்லை. பெட்டி இல்லாமலே அது மேசையில் காத்திருந்தது.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் ஒரு வாரம் முழுக்க எங்கள் பெட்டிகள் வாடிக்கையாளரிடம் போய் வாய்பிளந்தன. தரத்துக்குப் பொறுப்பான கார்த்திக், தமிழ்நாட்டுக்காரர், லைனுக்கு வந்தார். "மெஷின்ல ஒண்ணும் தப்பில்லக்கா. பசை இறுகறதுக்குள்ள ஏஜென்சி ஆளுங்க அடுக்கிடறாங்க. மூணு பேரையும் மாத்தச் சொல்லிட்டேன்" என்றார். அந்த மூவரில் நான் ஒருவன். வரும் திங்கட்கிழமையிலிருந்து வேலை இல்லை.

நான் கத்தினேன். எட்டு மணிநேரம் நிற்பவனின் வேலையை எட்டு வினாடியில் பறிக்கிறவர்கள்மீது எனக்கு இன்றும் அதே ஆத்திரம்தான். அக்கா என் தோளைத் தள்ளினார். "கத்தாதை. கிழிச்சுக் காட்டுவம்."

பிறகு கார்த்திக்கிடம் திரும்பினார். "தம்பி, இது சூட்டுப் பசை. இவங்களிட்ட வரமுதலே இறுகிப்போடும். அதுக்கு முந்தி எடுத்து அடுக்க இவங்கள் என்ன, மந்திரவாதியளோ?"

முற்றத்தில் குளிரில் கிடந்த ஒரு கட்டு அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். முந்தைய நாளிலிருந்தே உள்ளே இயந்திரத்தின் பக்கத்தில் கிடந்த இன்னொரு கட்டையும் எடுத்தார். இரண்டையும் ஓட்டினார். குளிர்ந்த அட்டையில் ஒட்டியது சத்தமே இல்லாமல் உரிந்தது. மற்றது சரக்கென்று கிழிந்து, நார் தெரிந்தது.

"பசையோட சூட்டைக் கூட்டிட்டா?" என்று கேட்டார் கார்த்திக்.

"கருகும். மட்டை சில்லிட்டுக் கிடந்தால் பசை உள்ளுக்கு இறங்கமுதல் மேலேயே உறைஞ்சுபோகும். முதல் நாளே உள்ளுக்கு எடுத்து வைக்கவேணும். இந்தக் குளிருக்குள்ளை அதை முற்றத்திலை போட்டியள். அதுக்கு இவங்களையோ அனுப்பிறியள்?"

கார்த்திக் கெட்டவர் அல்ல. மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர். இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்துக்கொண்டு, "சரிக்கா, மேல பேசறேன்" என்றார். பேசினார். எங்கள் வேலை தப்பியது. அட்டைகள் முதல் நாளே உள்ளே வந்தன. பெட்டிகள் பிறகு வாய்பிளக்கவில்லை.

இதோடு எனக்குத் திருப்தி. அக்காவுக்கு இல்லை. ஏஜென்சி ஆட்கள் ஷிப்ட் தொடங்கும்வரை வெளியே காத்திருக்கவேண்டும் என்று கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. விடியற்காலையில் வரும் பஸ்ஸை விட்டால் அடுத்தது பிந்திவிடும். ஆகவே நாங்கள் அரை மணிநேரம் வாசலில் நின்று விறைப்போம். நிரந்தர வேலைக்காரரான அக்கா நேரே உள்ளே போகலாம். அன்றிலிருந்து அவர் எங்களோடு வெளியே நின்றார். கார்த்திக் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி: "மட்டையை உள்ளுக்கு எடுத்தாச்சு. ஆக்களை எப்ப எடுக்கப்போறியள், தம்பி?"

மூன்றாவது வாரம் கார்த்திக் கதவை உள்ளிருந்து திறந்தார். "வாங்க, எல்லாரும் வாங்க. பர்மிஷன் வாங்கிட்டேன். இனிமே என்னைக் கேக்காதீங்கக்கா" என்றார். உள்ளே வெப்பம் முகத்தில் பட்டது. யாரோ தேத்தண்ணிக்குக் கேத்தல் போட்டார்கள். அக்கா மட்டும் வாசலில் நின்று, அந்தத் தாளின் மூலையை நகத்தால் நெம்பி இழுத்தார். தாள் முழுதாகக் கையோடு வந்தது. எங்களுக்குத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியளே? ஒரு இடமும் கிழியேல்லை. பிடிக்கவே இல்லை இது."

அவ்வளவு பேரும் சிரித்தோம். கார்த்திக்கும் சிரித்தார்.

கத்தாமல் இருக்க அவரிடமிருந்து நான் கற்றுக்கொள்ளவில்லை. அதில் அவர் தோற்றார். ஆனால் அந்தத் தாளை வாங்கி மடித்து என் லாக்கரில் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. பின்புறத்தில் காய்ந்த பசை நான்கு பொட்டுகளாக, அப்படியே முழுதாக.