ஒட்டக் கூடாத கூரை

என் மேசைமேல் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, வாசலில் சுண்டுவிரல் நக உயரத்தில் இரண்டு பம்புகள். பொம்மை ரயில் ஓடும் பாதையோரம் ஊர்போல வைப்பதற்காக வெளிநாட்டில் அந்தக் காலத்தில் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்றது. குவைத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய அந்தப் பெட்டியை, வேலை முடிந்து ஊர் திரும்பியபோது அத்தான் தங்கம் கொண்டுவருகிறவர்போல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அக்காவுக்கு அந்தக் கோபம் கடைசிவரை தீரவில்லை.

குற்றாலம் சாலையில் அவர்கள் வீட்டு மாடியறை முழுக்க ஒரு பலகை. அதில் செங்கோட்டை ஸ்டேஷன், தெர்மோகோலில் காகிதம் ஒட்டிச் செய்த மலை, குகைக்குள் நுழைந்து வெளிவரும் ரயில். புளியறை செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு வளைவை இந்தப் பங்குக்காக வெறுமையாக விட்டிருந்தார். நிஜத்தில் அங்கே அப்படி ஒன்று கிடையாதே என்று நான் சொன்னதற்கு, “மலை ஏறுத லாரிக்கு டீசல் வேண்டாமா மாப்ள?” என்றார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சனிக்கிழமையானால் அங்கேதான் கிடப்பாள். அவர் துண்டுகளின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுக்க, அவள் பசை தடவி ஒட்டுவாள்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. போன வருஷச் சாரல் சமயத்தில் ஒரு மாலை அந்த அறையிலிருந்து பசை வாடையோடு வந்தவள் மூச்சுக்குத் தவித்தாள். ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடித்தபோது அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை நேரே போய், அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்: “உங்களுக்குப் பொழுதுபோக்கு அத்தான். எனக்கு இருக்கது ஒத்தைப் பிள்ளை.” அவர் பசை பாட்டிலின் மூடியைத் திருகினார். ஏற்கெனவே இறுகியிருந்ததை மறுபடியும் திருகினார். அந்த வாரம் ஊரே இருமிக்கொண்டிருந்தது. அதை நான் யோசிக்கவில்லை. என் பயத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அவர் கிட்டத்தில் இருந்தார்.

கொஞ்ச நாள் கழித்துப் போனில் கூப்பிட்டார். “ஒட்டுத வேலையெல்லாம் முடிஞ்சிட்டு மாப்ள. ஜன்னல் பூரா தொறந்துதான் கெடக்கு. பாப்பாவ ஒரு நாள் கூட்டிட்டு வாரும், லைட் போட்டுக் காட்டணும்.” பார்க்கலாம் என்றேன். பரீட்சை, டியூஷன், மழை என்று ஏதோ ஒன்று வந்துகொண்டே இருந்தது. கூட்டிப்போகவில்லை. ஐப்பசியில் அத்தான் தூக்கத்திலேயே போய்விட்டார். திறந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து மலையின் காகிதமெல்லாம் உரிந்துபோனதையும், அப்படியும் அவர் ஜன்னலை மூட விடாததையும் அக்கா பிறகு சொன்னாள்.

காரியம் முடிந்தபின் பங்கை எடுத்துப் போகச் சொன்னாள். எல்லாம் ஒட்டியிருந்தது, கூரை மட்டும் சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. என் மகளுக்கென்று அந்த ஒரு வேலையை மிச்சம் வைத்துக் காத்திருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என்னால் நின்றுபோனதை நானே முடித்து அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த வாடை அவளுக்கு ஆகாது என்று, அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, அதே பாட்டில் பசையைச் சுற்றிலும் தடவி, அழுத்திப் பிடித்து ஒட்டினேன்.

சாயங்காலம் அவள் அதை வாங்கியதும் கட்டைவிரலால் கூரையைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. திரும்பவும் தூக்கிப் பார்த்தாள்.

“ஒட்டிட்டீங்களாப்பா?” என்றாள். “மாமா கூரைய ஒட்டவே மாட்டாவ. உள்ள பல்பு இருக்கு. ஃபியூஸ் போனா மாத்தணும்லா.”

அந்தப் பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடும், பிரித்தால் சுவர்தான் உடையும் என்றும் அவளே சொன்னாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

இந்த வருஷச் சாரலும் தொடங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். நான் கேட்டால் பேட்டரியில் ஒயரைத் தொட்டுக் காட்டுகிறாள். பங்கின் குட்டி ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம் வருகிறது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, “போதும்ப்பா, பல்பு போயிரும்” என்று ஒயரை எடுத்துவிடுகிறாள்.