ஒரே கூட்டில் அடைத்த சில்க்கிக் கோழிகள்

தலைமன்னாரில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஊர்க்கோழிகள் வளர்க்கிறேன். உப்புக்குளத்திலிருக்கும் என் மச்சாள் இரண்டு வெள்ளைச் சில்க்கிக் கோழிகளைத் தந்தார். உடம்பெல்லாம் பஞ்சு போன்ற இறகு. தலையிலுள்ள இறகு கண்ணையே மறைக்கும்.

"முதல்ல வேற கூட்டில விடுங்கோ. இதுகளுக்குத் திருப்பிக் கொத்தத் தெரியாது" என்றார்.

இன்னொரு கூடு செய்ய எனக்குச் சோம்பல். "கோழிதானே, ரெண்டு நாளில பழகீடும்" என்று எல்லாவற்றையும் ஒன்றாக விட்டேன். ஞாயிறு காலை, நாய்களுக்குப் பயந்து கூட்டைப் பூட்டிவிட்டுப் பூசைக்குப் போனோம்.

திரும்பி வந்தபோது ஒரு வெள்ளைக்கோழி குப்புறக் கிடந்தது. உச்சந்தலையில் தோலே இல்லை, எலும்பு தெரிந்தது. அதன்மேல் ஏறிநின்று கொத்தியது சேவல் அல்ல, என் உள்ளங்கையில் அரிசி தின்னும் சாதுவான பேடு. அதன் அலகெல்லாம் இரத்தம். கிடந்த கோழிக்கு அப்போதும் உயிர் இருந்தது. தூக்கியெடுத்ததும் என் மடியிலேயே செத்துப்போனது.

"மற்றது எங்க?" என்று கணவர் கூட்டுக்குள் கைவிட்டுத் தேடினார். அது தண்ணீர்ச் சட்டிக்குப் பின்னால் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கண் போய்விட்டது.

விஷயம் கேட்ட மச்சாள் என்னை ஏசவில்லை. "ரத்தத்தைக் கண்டா எந்தக் கோழியும் கொத்தும்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது புதுக்கோழி வந்தால் இடையில் வலை அடித்து, ஒன்றையொன்று பார்த்துப் பழகும்வரை தனியே தீன் வைக்கிறேன். சிறு காயம் கண்டாலும் உடனே பிரித்துவிடுகிறேன். தப்பிய அந்தக் கோழியை மட்டும் எதனோடும் சேர்ப்பதில்லை. நான் தீன் கொண்டு போனாலும் அது சுவரோடு ஒட்டிக்கொள்கிறது.