கனடாக் குழை

என் தம்பியின் மனைவி கனடாவில் இருக்கிறாள். நல்ல பெண். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வாள். அவளில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயமும் அதுதான். போன வருஷம் புரட்டாதி முடிகிற நேரம் போனில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"அக்கா, இஞ்ச இலையுதிர் காலம் தொடங்கீட்டுது. பள்ளிக்கூடம் போக முந்தின வயசுப் பிள்ளையளுக்கு இலையை வச்சே நிறம், எண்ணிக்கை எல்லாம் பழக்கலாம். நான் இஞ்ச மகளோட செய்யிறன், நீங்கள் அங்க மகனோட செய்யுங்கோ. ஞாயிற்றுக்கிழமையில வீடியோவில ஒருத்தருக்கொருத்தர் காட்டுவம்."

எங்கள் ஊர் புளியங்கூடலில் இலையுதிர் காலத்துக்கு நான் எங்கே போவேன்? கந்தோர் வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றியபடியே, "எங்களுக்கு ரெண்டு காலம்தானப்பா. கிணத்தில நல்ல தண்ணி இருக்கிற காலம், இல்லாத காலம். உதில எதை அவவுக்குக் காட்டப் போறீர்?" என்றார்.

ஆனாலும் நான் ஓமென்று சொல்லிவிட்டேன். காரணம் மருமகள், தம்பியின் மகள். அவளுக்கும் என் மகனுக்கும் ஒரே வயது, நாலு. அவள் இன்னும் ஊருக்கு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீடியோவில் வரும்போதெல்லாம் மேசைக்குக் கீழே போய் ஒளித்துவிடுவாள். நான் அதுவரை கண்டது, காலுறை போட்ட ஒரு சின்னக் காலை மட்டுந்தான். "வீட்டில நல்லாத் தமிழ் கதைக்கிறவள் அக்கா, போனைக் கண்டாத்தான் ஒளிக்கிறாள்" என்று தம்பி சத்தியம் பண்ணுவான். நான் நம்பவில்லை. அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் இருக்கிற ஒரேயொரு சொந்த மாமி நான். அவள் வாயால் ஒருதரம் "மாமி" என்று கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் கிடந்து அரித்தது. இப்போது கூப்பிடாவிட்டால், வளர்ந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கி, "ஹலோ அன்ரி" என்பாள். அதை என்னால் தாங்க ஏலாது.

முதல் விளையாட்டு, உதிர்ந்த இலைகளைக் குவித்து அதற்குள் பிள்ளையைக் குதிக்கவிடுவது. அப்போதுதான் முதல் மழை பெய்து ஊர் முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. உதிர்கிற யோசனையில் ஒரு மரமும் இருக்கவில்லை. நான் வேலிப் பூவரசைக் கொக்கத்தடியால் இழுத்து உலுப்பி, விழுந்ததைக் கூட்டிக் குவித்தேன். மகன் ஓடிவந்து குதித்தான். குதித்ததைவிட உயரமாக வெளியே பாய்ந்தான். இலையோடு முசுறுக் கூடும் விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. சிவந்த எறும்பெல்லாம் காற்சட்டைக்குள். "உங்கட மகன் நல்லா ஆடுறார்" என்று வீடியோவைப் பார்த்துத் தம்பி மனைவி சந்தோஷப்பட்டாள். நானும் ஓமென்றேன்.

இரண்டாவது விளையாட்டு, இலைகளை நிறவாரியாகப் பிரிப்பது. பிரித்தோம். பச்சை, பச்சை, இன்னொரு பச்சை. மகனுக்கு நிறத்தில் அக்கறையே இல்லை. ஒவ்வோர் இலையையும் தூக்கி, "இது ஆடு தின்னும், இது தின்னாது" என்று இரண்டாகப் பிரித்து வைத்தான். எங்கள் வீட்டில் இலை என்றால் குழை, குழை என்றால் ஆட்டுச் சாப்பாடு. காலையில் தகப்பனோடு போய், விழுந்து கிடக்கிற பலா இலையையும் பூவரசம் இலையையும் கூர்க்கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்திக் கோர்த்துக் கொண்டுவந்து ஆட்டுக்குப் போடுவதுதான் அவனுடைய உத்தியோகம்.

எங்கள் பச்சையைப் பார்த்துத் தம்பி மனைவி இரக்கப்பட்டிருக்க வேண்டும். கார்த்திகையில் ஒரு பார்சல் வந்தது. தபால்காரர் படலையில் மணியடித்த கையோடு பக்கத்து வீட்டு அக்கா வந்து கதிரையில் இருந்துவிட்டார். கனடாப் பார்சல் தனியாக உடைக்கிற சாமான் இல்லை. உடைத்தோம். உள்ளே சொக்லேட் இல்லை, சட்டை இல்லை. கடதாசிகளுக்கு இடையில் வடிவாகப் பாடம் பண்ணி அடுக்கிய சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் இலைகள் மட்டும்.

அக்கா ஒன்றைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். "என்ன வருத்தத்துக்குப் பிள்ளை? சீனி வருத்தத்துக்கோ?"

"இது மருந்தில்லை அக்கா, விளையாட்டு."

"காசு குடுத்துக் குப்பை அனுப்பியிருக்கினம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் அன்றிரவு தம்பி போனில், "தன்ர மச்சானுக்கு எண்டு மகளே பொறுக்கினவள் அக்கா. எங்களைத் தொடவும் விடேல்லை. ஞாயிறு அதுகளைக் காட்டினா மேசைக்குக் கீழால வெளியில வருவாள் போல கிடக்கு" என்றான். பிறகு அந்த இலைகளை நான் என் தாலிக்கொடியைப்போலக் காத்தேன்.

மழை ஈரத்தில் இலைகள் வதங்கத் தொடங்கின. ஞாயிறு மத்தியானம் கொஞ்சம் வெயில் எறித்தது. சுளகில் பரப்பி முற்றத்தில் வைத்துவிட்டு, குசினிக்குள் குழம்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது சுளகு வெறுமையாகக் கிடந்தது. மகன் கம்பியோடு ஆட்டுக் கொட்டில் பக்கத்தால் வந்துகொண்டிருந்தான். முகத்தில் அவ்வளவு பெருமை.

"அம்மா, கனடாக் குழையைக் குத்திக் குடுத்தனான். முழுக்கத் திண்டிட்டுது!"

கொட்டிலுக்கு ஓடினேன். ஆட்டின் வாயில் ஒரு காம்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடிக்க முந்தி அதுவும் உள்ளே போய்விட்டது.

மகனை ஏசவும் முடியவில்லை. நாங்கள் பழக்கியதைத்தானே செய்தான். ஆட்டை ஏசினேன், வெயிலை ஏசினேன், கடைசியில் கணவரை ஏசினேன். அவர் அலுமாரியைத் திறந்து, தம்பி கொடுத்துவிட்ட கனடா ரீசேட்டை எடுத்து மேசையில் விரித்தார். நெஞ்சில் அந்தச் சிவப்பு இலை. "இதை அளவா வச்சு வெட்டுவம்" என்றார். பழுத்த பப்பாசி இலை ஒன்று அகப்பட்டது. தாம்பாளம் அளவு. இரண்டு பேருமாகக் கத்தரிக்கோலால் நறுக்கினோம். மகன் படம் கீறுகிற வர்ணம் அதில் ஒட்டவில்லை. குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினோம். இலை சிவந்தது. நாங்களும் சிவந்தோம்.

"ஒண்டும் சொல்லக்கூடாது" என்று மகனிடம் சொன்னேன். தலையாட்டினான்.

பின்னேரம் போன் அடித்தது. அவர்களுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. மேசை தெரிந்தது, அதற்குக் கீழே வழக்கமான காலுறையும் தெரிந்தது. "இலையைக் காட்டுங்கோ அக்கா" என்றாள் தம்பி மனைவி. நான் தூக்கிப் பிடித்தேன். எண்ணெய் முழங்கை வரை வழிந்தது.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அக்கா, அது இவ்வளவு பெரிசாவோ இருந்தது?"

"இஞ்சத்த மழைக்கு ஊதிப்போச்சு" என்றேன்.

"அது பப்பாசி" என்றான் மகன். "உங்கட இலையை ஆடு திண்டிட்டுது."

நான் பப்பாசி இலையைக் கீழே இறக்கினேன். ஒரு பிள்ளை பனிக்குளிரில் நின்று பொறுக்கிய இலை. இனி அவள் அந்த மேசைக்குக் கீழிருந்து ஒருநாளும் வெளியே வரமாட்டாள் என்றே நினைத்தேன். வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

காலுறை அசைந்தது. மேசை விரிப்பு விலகி, கலைந்த தலைமயிரோடு ஒரு முகம் வந்தது. அப்படியே என் தம்பியின் முகம்.

"ஆடோ?" என்றது. "எங்க?"

மகன் போனைப் பறித்துக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினான். நான் தூறலில் குடையோடு பின்னால் ஓடினேன். ஆடு போனை முகர்ந்து பார்த்து, அதையும் தின்னலாமா என்று நாக்கை நீட்டியது. கனடாவில் அந்தப் பிள்ளை கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் வருகிற அழைப்பெல்லாம் ஆட்டுக்குத்தான். மகன் இலையைத் தூக்கிக் காட்டுவான். அவள் அங்கிருந்து "மஞ்சள் குடு", "பச்சை ரெண்டு குடு" என்று கட்டளை போடுவாள். தம்பி மனைவி விரும்பிய நிறமும் எண்ணிக்கையும் எல்லாம் ஆட்டின் வாய் வழியாக நடந்தன. என்னை ஒருவரும் தேடவில்லை. போனைப் பிடிக்கிற தடியாக மழைக்குள் நின்றேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, போனை மகனிடம் கொடுத்துவிட்டு, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கக் குனிந்தேன். போனுக்குள்ளிருந்து அதட்டல் வந்தது.

"மாமி! தள்ளுங்கோ, ஆடு தெரியேல்லை!"

வாளியைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். தள்ளினேன் என்ன, வேலி வரைக்கும் போய்விட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா நின்றார்.

"ஏன் பிள்ளை அழுகிறீர்?"

"மருமகள் கதைச்சவள் அக்கா."

"என்னவாம்?"

"தள்ளட்டாம்" என்றேன்.