மினாவுக்காக நான் கேட்டது

சாட்சி சொல்ல எழுந்தால் முதலில் ஸ்தோத்திரம் சொல்வது நம் வழக்கம். நான் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இப்போதே சொன்னால் வாய்தான் சொல்லும், மனசு சொல்லாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் லெந்து காலத்தில் எங்கள் வீட்டில் இடி விழுந்தது. உண்மையில் அது விழுந்தது மினாவின் தலையில். பெயரைக் கேட்டுப் பெண் என்று நினைக்காதீர்கள், ஆறரை அடி உயர ஆண் பிள்ளை. எகிப்துக்காரன். கூடைப்பந்து ஆடுவதற்காகக் கொல்கத்தாவின் சின்ன கிளப் ஒன்று அவனை அலெக்சாந்திரியாவிலிருந்து கூட்டி வந்து, கிடர்பூரில் எங்கள் மாடி வீட்டில் குடிவைத்தது. கிளப் பையன்கள் சொல்லிக்கொடுத்தபடி என்னை ‘மாஷி’ என்பான். வங்காளத்தில் அது சித்தி, பெரியம்மா முறை. வலது மணிக்கட்டில் சின்னச் சிலுவை ஒன்று பச்சை குத்தியிருக்கும். அவர்கள் சபையில் குழந்தையிலேயே குத்திவிடுவார்களாம். பந்தை எறியுமுன் அதை ஒருதரம் தொட்டுக்கொள்வான்.

அவர்கள் லெந்து விரதம் நம்முடையது மாதிரி இல்லை. நாம் வெள்ளிக்கிழமை கறியை விட்டாலே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்வோம். அவர்களுக்கு ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை, பால் எதுவும் ஆகாது. தெருவெல்லாம் மீன் வறுக்கிற ஊரில் பிள்ளை வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. திருநெல்வேலிச் சொதி வைத்துக் கொடுத்தேன். தேங்காய்ப்பால்தானே, விரதத்துக்குப் பங்கமில்லை. சட்டியை வழித்துச் சாப்பிட்டான்.

“ஏட்டி, இவனுக்குச் சோறு பொங்கியே நம்ம கியாஸ் தீந்துரும் போலருக்கே” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கேலி செய்துவிட்டு அவரே தேங்காய் வாங்கி வருவார்.

அந்தச் சமயத்தில்தான் பயிற்சியில் ஒரு நாள் மினா தலை சுற்றி விழுந்தான். பிறகு இன்னொரு தரம். கோச் என்னிடமே வந்துவிட்டார். அவருக்கு நான் ‘தீதி’, அக்கா முறை. “தீதி, மீன் தின்னாம எவனாவது ஆட முடியுமா? நீங்க சொன்னா கேப்பான்.” எல்லோரும் விரதத்தையே குற்றம் சொன்னோம். கிளப்பில் ஒருவருக்கும் அவனை டாக்டரிடம் காட்டத் தோன்றவில்லை. எனக்கும்தான். சொதியில் முருங்கைக்காயைக் கூடப் போட்டேன், அவ்வளவே.

வளைகுடா நாட்டுக் கிளப் ஒன்று அவன் ஆட்டத்தைப் பார்த்திருந்தது. அங்கே சேர்ந்தால் சொந்த நாட்டு அணியின் கண்ணிலும் படலாம். அதுதான் அவனுடைய ஒரே ஆசை. எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்துக்கு அவனையும் கூட்டிப்போய் முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடும்” என்று அழுது மன்றாடினேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அழைப்பு வந்தது. கைதட்டிப் பாடினோம். ஒப்பந்தத்துக்கு முன்னால் இருதயப் பரிசோதனை செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நியூ டவுன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன்.

இருதயத் தசை தடித்திருக்கிறது என்றார் டாக்டர். பிறவிக் கோளாறு. தலைசுற்றலுக்கும் விரதத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஓடி ஆடும்போது எந்த நேரமும் இருதயம் நின்றுவிடலாம், இனிமேல் போட்டி ஆட்டமே கூடாது.

டாக்சியிலிருந்து இறங்கியதும் மினா வீட்டு வாசலில் நின்று ஆங்கிலத்தில் கேட்டான்: “மாஷி, நீங்க என்ன கேட்டு ஜெபம் பண்ணீங்க?”

கேட்டது கிடைத்தது. கிடைத்ததே அவன் ஆட்டத்தை முடித்துவிட்டது. அன்றைக்கே வியர்வைப் பட்டையை மாட்டி மணிக்கட்டுச் சிலுவையை மூடிக்கொண்டான். ஊருக்கு விமானம் ஏறும்போதும் கழற்றவில்லை.

அடுத்த கூட்டத்தில் ஓர் அக்கா, “உயிரக் காப்பாத்திட்டாரே, ஆண்டவர் எவ்வளவு நல்லவர்!” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வேதப்புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வெகுநாள் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டில் ஜெபிக்க உட்கார்ந்தாலும் சண்டைதான். அந்தப் பிள்ளையிடம் இருந்தது அது ஒன்றுதானே, அதையா எடுப்பீர் என்று கேட்டேன்.

இந்த லெந்து காலத்தில் வீடியோவில் கூப்பிட்டான். அவன் ஊர்ச் சபை முற்றத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான். அவன் கோட்டுக்கு வெளியே நிற்கிறான், ஓடக்கூடாதே. சந்தோஷமாக இருக்கிறான் என்று கதை விட மாட்டேன். யாரையோ அதட்டக் கையைத் தூக்கினான். மணிக்கட்டில் பட்டை இல்லை.

“அம்மா சொதி எப்படி வைக்கறதுன்னு கேக்கறாங்க, மாஷி” என்றான். சொன்னேன். பிறகு, “இப்ப எனக்காக என்ன கேக்கறீங்க?” என்றான்.

“நீ உயிரோட இருக்கணும்னுதான்.”

“அத அப்ப நீங்க கேக்கவே இல்ல. நானும் கேக்கல. அவராத்தான் குடுத்தாரு” என்றான். சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து நானும் அவன் விரதத்தையே பிடிக்கிறேன். ஆண்டவரிடம் இதைக் கொடும் அதைக் கொடும் என்று அதிகாரம் பண்ணுவதை விட்டுவிட்டேன். என் கசப்பு இன்னும் தீரவில்லை. உங்களிலும் கேட்டது கிடைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இருப்பீர்கள். அவரோடு சண்டை போடுங்கள், ஆனால் என்னைப் போல எழுந்து போய்விடாதீர்கள். நான் அந்த ஜெபக்கூட்டத்துக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மினா உயிரோடு இருக்கிறான். ஸ்தோத்திரம்.