அம்மாவிடமிருந்து நான் பறித்த ஒலிவாங்கி

அம்மாவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் பெறும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் அவரது ஒரே மகன் எழுதுவது. அம்மாவின் பொறுமையைப் புகழ்ந்து எழுதும்படி உங்களில் பலர் கேட்டீர்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இனவன்செயலில் அவர்கள் இருந்த தோட்டத்து லயன் வீடு எரிக்கப்பட்டபின், ஒன்பது வயதில் பெற்றோருடன் வன்னிக்கு வந்தார். தர்மபுரத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் பிறர் வயல்களில் களை பிடுங்கினார். அந்த வயல்களில் ஒன்று அப்பாவின் வீட்டாருடையது. அப்பா அவரை விரும்பி மணந்தார். அவரது வீட்டார் அம்மாவை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "தோட்டக்காட்டாள்" என்றே சொன்னார்கள்.

கடைசி யுத்தத்தில், இடம்பெயர்ந்து போன வழியில் ஷெல் விழுந்து அப்பா இறந்தார். மண்வெட்டி இருக்கவில்லை. அம்மா ஒரு சாப்பாட்டுத் தட்டாலும் வெறுங்கையாலும் மண்ணைத் தோண்டி அவரைப் புதைத்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது. பயத்தில் பதுங்குகுழியை விட்டு நான் வெளியே வரவில்லை.

மீள்குடியேறியபோது எங்கள் கிணற்று நீர் உவராகியிருந்தது. குடிதண்ணீருக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே அம்மா வாளியைத் தொடக்கூடாது. பெரியம்மா அள்ளி, எட்ட நின்று குடத்தில் ஊற்றுவார். நான் அள்ளலாம், நான் அப்பாவின் பிள்ளை. இது பல ஆண்டுகள் நடந்தது. நான் ஒரு சொல் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் சனசமூக நிலையம் "சமாதானமும் சமூகநீதியும்" என்றொரு பொதுச் சொற்பொழிவை ஒழுங்குசெய்தது. பெரியப்பா தலைவர். ஆசிரியரான நான் செயலாளர். அப்பாவின் பங்குக் காணியை என் பெயருக்கு எழுதித்தரப் பெரியப்பா அப்போதுதான் இணங்கியிருந்தார்.

அழைப்பிதழை அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"நானும் வரலாமோ தம்பி?"

"வாங்கோவன். கதிரையள் நிரம்பவேணும்."

வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் நன்றாகப் பேசினார். எவரும் எவருக்கும் கீழ் இல்லை என்று அவர் சொன்னபோது முதலில் கைதட்டியவர் பெரியப்பா. கேள்வி நேரத்தில் அம்மா எழுந்தார். ஒலிவாங்கியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் எங்களைப் போலவே கதைக்கும் அம்மாவுக்கு, பதற்றத்தில் பிறந்த இடத்துப் பேச்சு வந்துவிட்டது.

"ஐயா, ஒன்னு கேக்கணுங்க."

பின்வரிசையில் ஒருவர் "கேக்கணுங்க" என்று சொல்லிக்காட்ட, மண்டபம் சிரித்தது. அம்மா நிறுத்தவில்லை.

"என் புருசனை இந்தக் கையாலதாங்க பொதைச்சேன். அவரோட அண்ணன் வீட்டுக் கெணத்துல இந்தக் கை வாளியைத் தொடக்கூடாதுங்கிறாங்க. நீங்க சொல்ற நீதி..."

நான் ஒலிவாங்கியைப் பறித்தேன்.

"இருங்கோ அம்மா. என்ரை மானத்தை வாங்காதையுங்கோ" என்றேன். அது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, கொம்மாவை வெளியிலை கொண்டுபோய் விடு" என்றார் பெரியப்பா. பேச்சாளர் தம் தாள்களை அடுக்கினார். அம்மா தாமாகவே வெளியேறினார். நான் மேடையேறி நன்றியுரை வாசித்தேன்.

அடுத்த மாதம் காணி என் பெயருக்கு வந்தது. அந்த வயல் நெல்லில் ஒரு மணியைக்கூட அம்மா உண்ணவில்லை. சங்கக்கடையில் அரிசி வாங்கித் தனியாக உலை வைத்தார். பெரியப்பா வீட்டுக் கிணற்றுக்கும் போகவில்லை, உவர்நீரையே குடித்தார். நான் அள்ளி வந்த தண்ணீரை வாழைக்கு ஊற்றினார். சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன என்று வவுனியா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கடைசி நாட்களில் ஒரு பகல், கட்டிலருகே இருந்து, "அம்மா, அண்டைக்கு நான் செய்தது பிழை" என்றேன்.

"ஓம், பிழைதான்."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"யன்னலைச் சாத்து. வெயில் கண்ணுக்கை அடிக்குது" என்றார்.

மறுநாள் உயிர் பிரிந்தது.

அம்மாவைப் பராமரித்த தாதியருக்கும், பந்தலுக்குக் கதிரைகள் தந்துதவிய கடைக்கார முஸ்லிம் நானாவுக்கும், அம்மாவுடன் களை பிடுங்கி, இறந்த அன்று அவரைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திவிட்ட பெண்களுக்கும் என் நன்றி. பாடையைத் தூக்கியவர்கள் அந்தப் பெண்களின் பிள்ளைகள். பெரியப்பா குடும்பத்தினர் படலைவரை வந்து, உள்ளே கால் வைக்காமல் திரும்பினார்கள். அப்பாவின் உறவில் சுடலைவரை வந்தவன் நான் ஒருவனே. கொள்ளி வைத்ததும் நானே.